பாட்டரி லைட்டுக்கு ஓர் உறை

என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தார். மூன்று வருஷம் அங்கே, மூன்று மாசம் இங்கே. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் எங்கள் குடித்தனம். அவர் வந்திருக்கும் நாட்களில் ஆரப்பாளையத்தில் எங்களுக்கென்று இருந்த சின்ன வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, அடுப்பு மூட்டுவோம். அவர் கிளம்பியதும் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்துகொண்டு நான் சமயநல்லூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். நெல்லும் கடலையும் விளைகிற வீடு, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே எனக்கென்று இருந்தது மூலையில் ஒரு பாயும் மதினியின் பார்வையும்தான். ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டால் அந்தப் பார்வை உலைப்பானை வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். பிள்ளை குட்டி இருந்திருந்தால் கதை வேறு. எனக்கு இல்லை. எப்போதோ வந்துபோகிற மனுஷனைக் கட்டிக்கொண்டவளைப் பார்த்து, வயிறு திறக்கவில்லை என்று ஊர் பேசினால் நான் என்ன செய்ய?

நான் சொல்வது ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம். ரங்கூன் கப்பல் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையாக அவர் லீவில் வந்து இறங்கியபோது, டிரங்குப் பெட்டிக்குள் பர்மாக் குடைக்கும் அரக்குச் செப்புக்கும் நடுவே துணியில் சுற்றிய ஒரு பாட்டரி லைட் இருந்தது. மதுரையில் அப்போது பாட்டரி லைட் வைத்திருந்தவர்கள் உண்டு. அதெல்லாம் முழங்கை நீளம் இருக்கும். இது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெள்ளிபோலப் பளபளப்பு, முகப்பில் கெட்டிக் கண்ணாடி. கட்டைவிரலால் ஒரு பித்தானைத் தள்ளினால் எதிர்ச் சுவரில் தோசைக்கல் அகலத்துக்கு வெளிச்சம் விழும். ரங்கூனில் வெள்ளைக்காரர் கடையில் வாங்கியதாம். விலையைக் கேட்டேன். சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே அதிகம் என்று தெரிந்துகொண்டேன்.

கப்பலில் உப்புக்காற்றுப் பட்டு அதன் விளிம்பில் புள்ளி விழுந்திருந்தது. எங்கேயோ இடிபட்டு ஒரு பக்கம் லேசாக நெளிந்தும் இருந்தது. அந்த நெளிவைத் தடவிக்கொண்டே, "இதுக்கு ஒரு நல்ல உறையாச் செஞ்சுக்கிட்டுத்தான் நான் கப்பல் ஏறணும். இன்னொரு தரம் அடிபட்டுச்சுன்னா அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாமான் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். குடைக்கம்பி ஒன்று வளைந்தால் அதைச் சரி பண்ணாமல் மழையில் இறங்கமாட்டார். உறை அமையாவிட்டால் கிளம்பமாட்டார். லீவு தாண்டிப் போனால் ஆலையில் அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். கீழமாசி வீதியில் அண்ணனுக்குத் தெரிந்த தானிய மண்டியில் கணக்குப்பிள்ளை வேலை ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் எங்கே போவார்? ஆரப்பாளையம் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு நான் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: எந்த உறையைக் கொண்டுவந்து காட்டினாலும் நொட்டை சொல்ல வேண்டும். அந்தக் கலையில் எனக்கு மதினியிடம் நல்ல பயிற்சி கிடைத்திருந்தது.

முதலில் தோல் உறை. டவுன் ஹால் ரோட்டுக்குப் பின்னால், ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வாரும் சேணமும் தைக்கிற ஒரு பாய் இருந்தார். இவர் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தார். சொன்ன நாளில் பாய் கொடுத்துவிட்டார். குற்றம் சொல்லக்கூடாது, வேலை சுத்தமான வேலை. விளிம்பெல்லாம் இரட்டைத் தையல், மேலே ஒரு மூடி, அதில் பித்தளைக் கொக்கி. குதிரை இழுத்தாலும் பிய்யாது. நான் அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன இது, நனைஞ்ச மாடு மாதிரி நாறுது."

"புதுத் தோல் அப்படித்தான் இருக்கும். வெயில்ல போட்டாச் சரியாயிரும்."

"வெயில்ல போட்டா விறைச்சுப் போகும். அப்புறம் லைட்டை வெளிய எடுக்க ரெண்டு ஆளு வேணும். சாமி விளக்கு இருக்கிற வீட்டுல இதை எங்க வைக்கிறது? செருப்போட வாசல்லயா?"

உண்மையில் அவ்வளவு நாற்றமில்லை. அவர் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, வேற பாப்போம்" என்றார். நான் ஒரு சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் இவ்வளவு சுளுவாக விட்டுக்கொடுத்ததில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாளே அந்தத் தோல் உறையைச் சிநேகிதர் ஒருவருக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தச் சிநேகிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். இவரோடு ஒன்றாகப் படித்தவர், ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னைத் தங்கச்சி என்பார். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்பேன். அவர்களுக்கு ஆறு வயசில் ஒரு மகள்.

அடுத்தது தகரம். விளக்குத்தூண் பக்கம் ஒரு தகரக் கடைக்காரர், மண்ணெண்ணெய் விளக்கும் புனலும் அடிக்கிறவர், உருட்டாக ஒரு கூடு அடித்து உள்ளே பஞ்சு வைத்துக் கொடுத்தார். அதில் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. லைட்டை உள்ளே போட்டு ஒரு ஆட்டு ஆட்டினேன், உள்ளே கடகடவென்றது. "சாம்பிராணி டப்பா மாதிரி இருக்கு. இதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடந்தா மாடு மிரளும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த லீவில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கூட நானும் சிரித்தேன். சிரிக்கிற மனுஷன் போகமாட்டான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

இப்படி ஒவ்வொன்றாக நாள் போனது. வாரத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பேரும் உறை தேடி டவுனுக்குப் போவோம். அவர் முன்னால் நடப்பார், நான் நாலடி பின்னால். பாதி வழியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, எதையோ சொல்ல வாயைத் திறப்பார். "என்ன?" என்பேன். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்பார். மதுரையில் வெயிலைச் சொல்வதற்கு நின்று திரும்பிப் பார்க்க வேண்டுமா? போகத்தான் வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார் போலிருக்கிறது, தவிக்கட்டும், என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் புதுமண்டபத்துத் தையல்காரர். தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் வரிசையில், சாமிக்குக் குடையும் தேரில் தொங்கவிடுகிற தொம்பையும் தைக்கிற பெரிய மனுஷர் ஒருவரைப் பிடித்தோம். வெளியே கித்தான், உள்ளே வெல்வெட்டு, நடுவில் மெத்தென்று பஞ்சு. இந்த யோசனை நன்றாக இருந்ததால் எனக்குப் பயம் வந்துவிட்டது. முதல் தடவை தைத்ததும் நிறம் அழுக்கு நிறமாக இருக்கிறது என்றேன். பிரித்து வேறு துணியில் தைத்தார். மூடிக்குப் பித்தான் பெரிசு என்றேன். மாற்றினார். அடிப்பக்கம் தையல் கோணல் என்றேன். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தாயி, இது கோணலா? நான் மீனாட்சிக்கே தைக்கிறவன்" என்றார். மீனாட்சி ஒன்றும் சொல்லமாட்டாள், நான் சொல்வேன் என்றேன். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, கோபிக்க வேண்டிய மனுஷன், "அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்குண்ணே, பிரிச்சே தச்சுருங்க. நாங்க அடுத்த வாரம் வாரோம்" என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் வலையில் மீன் தானாகவே நீந்தி வருகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. உறையைத் தொங்கவிட ஒரு நாடா வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். தையல்காரர் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்கிற அளவுக்கு நீளமாக வைத்திருந்தார்.

"இம்புட்டு நீளம் வேணாம்ணே. பாதியா வெட்டிருங்க. கழுத்துல மாட்டுறதுக்கு."

"கழுத்துல மாட்டினாலும் உங்களுக்குப் பத்தாதே" என்றார் தையல்காரர்.

"பத்தும். வெட்டுங்க."

நாடா குட்டை, அதைப் பிரித்துத் திரும்ப வைக்கணும் என்று நானும் ஆரம்பித்தேன். "அது இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாட்டிப் பாருங்கள் என்று தையல்காரர் சொன்னதற்கும் மாட்டிப் பார்க்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது எதிர்க் கடையில் சின்னதாக ஒரு ஜோடி கண்ணாடி வளையல் வாங்கினார். யாருக்கு என்றேன். மாப்ள மகளுக்கு என்றார். நானும் நம்பினேன்.

உறை அமைந்துவிட்டது. இனி அதில் குறை சொன்னால் எனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். மேலேயிருந்து கீழே போட்டால்கூட உள்ளே இருக்கிற லைட்டுக்கு ஒன்றும் ஆகாது. லீவும் முடிகிற சமயம். பிள்ளையார் கோவில் ஐயரிடம் போய்ப் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல நேரம் வியாழக்கிழமை காலையில். ஆனால் கப்பலுக்குப் பொருந்துகிற ரயில் ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. கிளம்புகிறவர் நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், கையோடு கொண்டுபோகிற பொருள் ஒன்றை அந்த நேரத்தில் எடுத்துப்போய் வழியில் உள்ள வேறு வீட்டில் வைத்துவிட வேண்டும். அந்தப் பொருள் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்ட மாதிரிதான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு அப்படியே நேரே போக வேண்டும். நடுவில் அந்தப் பொருள் திரும்பி வீட்டுப்படி ஏறக்கூடாது. ஏறினால் பயணம் முறிந்தது. எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அவர் லைட்டை உறைக்குள் போட்டு, அதை ஒரு வெள்ளை வேட்டியில் சுற்றி, சொன்ன நேரத்தில் சிநேகிதர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தோற்றுப்போனேன் என்று தெரிந்தது. பூட்டையும் சாவியையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்காவிடம் வாங்கியிருந்த முறுக்கு உரலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வழிக்குக் கொண்டுபோக முறுக்குச் சுட்டிருந்தேன். ஆத்திரம் இருந்தாலும் முறுக்குச் சுடத்தானே வேண்டும். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் மகள் வேட்டியை அவிழ்த்துப்போட்டுவிட்டு, உறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குதிருக்குப் பின்னால் வெளிச்சம் அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டவில்லை. அந்த உறை அவள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வந்து கச்சிதமாக நின்றது. அவள் லைட்டை உள்ளே வைத்தாள். மூடியை மூடினாள். திரும்பவும் திறந்தாள். நான் சண்டை போட்டுச் சின்னதாக்கிய அந்தப் பித்தான் அவள் விரலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. நாடா குட்டை என்று நான் சொன்னது தப்பு. இந்த உயரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது சரியான நாடாதான்.

அக்கா உள்ளே வந்தாள். "அடியே, அதைக் கழத்து. பரஸ்தானம் வச்சதை எடுத்து விளையாடுறா பாரு" என்றாள்.

"அக்கா, உங்க மகளுக்கு அவரு வளையல் குடுத்தாரா?"

"வளையலா? இல்லையே தாயி."

பிள்ளையின் கழுத்திலிருந்து உறையைக் கழற்றினேன். லைட்டை உள்ளே போட்டு மூடிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "அத எங்க கொண்டு போற? வீட்டுக்கா? ஆகாது தங்கச்சி" என்று அக்கா பின்னாலேயே தெரு முனை வரைக்கும் ஈரக்கையோடு வந்தாள். ஆகாது என்று எனக்கும் தெரியும். நட்டநடு மத்தியானத்தில், தெருவே பார்க்க, பரஸ்தானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுப்படி ஏறினேன். அப்படிச் செய்த பெண்சாதி எங்கள் வட்டாரத்தில் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உறையை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டார்.

"யாருக்கு இது?"

"ஏன் எடுத்துட்டு வந்த?"

"யாருக்குன்னு கேட்டேன்."

"ஒரு பொம்பளப் பிள்ளைக்கு" என்றார்.

"யாரு பெத்த பிள்ளை?"

"என் பிள்ளைதான்."

பிறகு எல்லாம் சொன்னார். கேட்காததையும் சொன்னார். ஆலை வாசலில் சோறு விற்ற பர்மாக்காரி ஒருத்தி. போன மழைக்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போனாள். பிள்ளை ஆலைக் காவல்காரன் பெண்சாதியிடம் இருக்கிறது. ஆறு வயசு. தாய் செத்ததிலிருந்து இருட்டைக் கண்டால் பயம். காவல்காரன் குடிசையில் விளக்கு சீக்கிரம் அணைத்துவிடுவார்களாம், அதனால் இந்த லைட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கையில் பிடித்துக்கொண்டேதான் தூங்குமாம். இவர் ஊருக்குக் கிளம்புகிறபோது, கப்பலில் இருட்டாக இருக்கும், நீ வைத்துக்கொள், திரும்பி வரும்போது கொண்டுவந்துவிடு என்று அதுவே இவர் கையில் கொடுத்ததாம். அதில் கப்பலிலேயே நெளிவு விழுந்துவிட்டது. மிச்சத்தையாவது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றுதான் உறை.

"பேரு என்ன?"

சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை.

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். என்னென்ன கேட்டேன் என்று இப்போது எழுத எனக்கு இஷ்டமில்லை. அங்கே நீங்கள் குடித்தனம் நடத்தினீர்கள், நான் இங்கே அண்ணன் வீட்டில் மாவாட்டினேன், மலடி என்று பேர் வாங்கினேன் என்பதுதான் சாரம். எல்லாம் முடிந்தபிறகு, "உன்கிட்டக் கேக்கத்தான் இந்தத் தடவை வந்தேன்" என்றார்.

"என்னத்தக் கேக்க?"

"இங்க கூட்டிட்டு வரட்டுமான்னு. டவுனுக்குப் போறப்பல்லாம் இன்னைக்குக் கேட்டுரணும்னு நெனப்பேன். வாய் வராது. நீ உறை நல்லாயில்லன்னு சொன்னா, இன்னும் ஒரு வாரம் இருக்கு, அதுக்குள்ள கேட்டுக்கலாம்னு இருக்கும்."

இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. போகவிடாமல் இருக்க நான் நொட்டை சொன்னேன். சொல்லாமல் தள்ளிப்போட அவர் அதற்குத் தலையாட்டினார். நடுவில் ஒன்றும் தெரியாத தையல்காரர் தைத்துத் தைத்துப் பிரித்தார்.

"நான் வேண்டாம்னா?"

"அப்ப நான் அங்கேயே இருந்துர்றேன். அதுக்கு வேற யாரும் இல்ல."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

ஞாயிற்றுக்கிழமை ரயில் அவர் இல்லாமல் போயிற்று. பரஸ்தானம் முறிந்துவிட்டதால் அவரும் கிளம்புகிறேன் என்று சொல்லவில்லை. நான் நினைத்தது ஒரு வகையில் நடந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் போனால் ஆலை வேலையும் போய்விடும். அவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சமைத்து மூடி வைத்தேன், பரிமாறவில்லை. சமயநல்லூருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். போனால் அண்ணன் என் பக்கம்தான் பேசுவார், கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் கிளம்புவார். நியாயம் முழுக்க எனக்குத்தான். நியாயத்தை மடியில் கட்டிக்கொண்டு மதினி வீட்டு மூலையில் அதே பாயில் படுத்திருக்கலாம்.

கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கு வரைக்கும் அது முழுக்க ஆறவில்லை. ஆனால் அந்த நாட்களில் கோபத்துக்கு நடுவில் ஒரு கணக்கு என்னைப் போட்டுப் படுத்தியது. தோல் நாறுகிறது என்று ஒரு வாரம். தகரம் ஆடுகிறது என்று ஒரு வாரம். நிறம், பித்தான், தையல் என்று எத்தனை வாரம். நான் என் வீட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனம் பண்ணிய அத்தனை சாயங்காலமும் அங்கே ஒரு பிள்ளை லைட்டுக்குக் காத்துக்கொண்டு இருட்டில் கிடந்திருக்கிறது. அதற்கு நான் யாரென்றே தெரியாது. அது எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை.

ஐயரிடம் நானே போனேன். அடுத்த நல்ல நேரம் எப்போது என்று கேட்டேன். வீட்டுக்காரர் வரவில்லையா என்றார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். புதன்கிழமை காலை என்று சொன்னார்.

புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு, உறையைத் துவைத்த வேட்டியில் சுற்றினேன். பெட்டி மூலையில் செருகியிருந்த வளையலையும் எடுத்து அதற்குள் வைத்தேன். அவர் முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டார்.

"பின்ன, அங்கேயே இருட்டுல போட்டுட்டு வருவீங்களா?" என்றேன்.

எழுந்து மூட்டைக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. "போனவாட்டி நீங்க வச்சது திரும்பி வந்துருச்சு. இந்தவாட்டி நான் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சிநேகிதர் வீட்டுக்குப் போகிற வழியில் முனிசிபல் குழாய். அந்த நேரத்தில் தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு அங்கேதான் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போக ஒரு சந்து இருந்தது. நான் சந்துப் பக்கம் போகவில்லை. குழாயடி வழியாகவே போனேன். அக்காவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "திரும்பவும் பரஸ்தானமா தங்கச்சி? அப்பப் போறாரா?" என்றாள்.

"போறாருக்கா. எங்க மகளைக் கூட்டிட்டு வரப் போறாரு."

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

"உங்களுக்கு ஏது தாயி மகள்?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

"ரங்கூன்ல இருக்கா. ஆறு வயசு. அவரு பிள்ளை. கேட்டுக்கிட்டீங்கள்ல, கேக்காதவங்களுக்கும் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மத்தியானத்துக்குள் ஆரப்பாளையம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சமயநல்லூருக்கும் போய்ச் சேர்ந்து அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். இவருக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. உன்னிடம் மட்டும் சொன்னதை இப்படிக் குழாயடியில் போட்டு உடைத்துவிட்டாயே என்று வருத்தப்பட்டார். அவரை அவமானப்படுத்தவே சொன்னேன் என்றுதான் கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் நான் பயந்தது அவருக்கு இல்லை, எனக்குத்தான். பொழுது சாய்ந்தால் என் மனசு மாறிவிடும், வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஊரே கேட்கும்படி சொல்லிவைத்தேன்.